சாமியைக் கதையிலிருந்து எடுத்தபோது: சுங்கை சிப்புட்டில் ஒரு சிறுவர் மாயக்கதை நாவல் உருவான விதம்

எதற்காக இந்தப் பதிவு

ஒரு சிறுவர் நாவல் முதல் பிரதியிலிருந்து அச்சாகி வாசகர் கைக்குப் போனது வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அந்த நூலின் பதிப்பாசிரியராகக் கூடவே இருந்தேன். நாவலாசிரியர், ஓவியர், கோயில் தலைவர் மூவரும் பெயர் வேண்டாம் என்று சொல்லி அனுமதி தந்தார்கள், அதனால் நூலின் தலைப்பையும் சொல்லவில்லை. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காக இங்கேயே உட்கார்ந்து நாவல் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. மாயக்கதை எழுதுகிறவர்கள் அதிலும் குறைவு. எழுத உட்காரும் அடுத்தவருக்கு இது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பின்னணி

சுங்கை சிப்புட் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டித்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்து 1960 வரை நீடித்தது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆனால் பல தோட்டங்களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபோய்விட்டார்கள். தோட்டத்தில் மிச்சமிருப்பது பெரும்பாலும் கோயில்தான், வருஷத் திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே திரும்பி வருவார்கள்.

நாவலாசிரியர் அப்படிக் குடிபோன குடும்பத்துப் பெண். பாட்டியும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். இவருக்கு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். தமிழ்ப் பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்பில் சிறுகதை எழுதிக் கை பழகியவர். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றபோது, கதை அனுப்பக்கூடிய இடங்களில் ஒன்று குறைந்தது. சரி, சொந்தமாக ஒரு புத்தகம் எழுதலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தார்.

அவர் எழுதும் நேரம் அதிகாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை. ஆறுக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், இரவில் கண் சொக்கும். அதனால் காலையில் நோட்டில் கையால் எழுதுவார், இரவில் அதைக் கணினியில் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வார், இரவில் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டார். களைப்பில் எழுதியதை மறுநாள் அடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இதை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகும் ஒரு தாயால் நாவல் முடிக்க முடிந்தது இப்படித்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் பிரதி

கதைச் சுருக்கம் இது. தாமானில் வளரும் பதினொரு வயதுச் சிறுமிக்குப் பாட்டியின் பழைய கார்பைட் விளக்கு கிடைக்கிறது, பால் வெட்டுக்குப் போகிறவர்கள் முன்னாளில் தலையில் கட்டிக்கொண்ட விளக்கு. அதை ஏற்றினால் செம்பனைக் காட்டுக்குள் ஒரு மாய உலகம் திறக்கிறது. அங்கே நிழல் கிராணி என்று ஒருவன் (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்). விடியுமுன் பெரட்டு எடுத்து, அதாவது ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, செக்ரோல் என்ற வருகைப் பட்டியலில் பெயர் கூப்பிடுவான். கூப்பிட்டதும் யார் பதில் குரல் கொடுக்கிறார்களோ அவர்களுடைய நிழல் அவன் புத்தகத்துக்குள் போய்விடும்.

இந்தக் கிராணியை முதல் வாசிப்பிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பெரட்டில் பேர் சொன்னால் ஓடி வந்து நிற்க வேண்டிய பயம் பாட்டிகள் தலைமுறைக்கு உண்மையாகவே இருந்தது. அவசரகாலத்தில் ஊரடங்கு, முள்வேலி, பங்கீட்டு அரிசி என்று பார்த்தவர்களுக்குப் பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் சாதாரண விஷயமா?

ஆனால் திறந்த மாய உலகம் வேறெங்கேயோ இருந்தது. பனி மூடிய சிகரங்கள், நெருப்பிலிருந்து எழும் பறவை, ஆளுக்கொரு சக்தி. அதன் நடுவே தோட்டத்துக் காவல் தெய்வமான முனியாண்டியும் ஒரு பாத்திரம். நிழல் கிராணி முனியாண்டியைக் கட்டிப்போட்டு விடுவான், சிறுமி போய் விடுவிப்பாள், அதுதான் உச்சக்கட்டம். இதற்குள் ஓவியர் எட்டுப் படங்களை முடித்துவிட்டார். அதில் இரண்டு, சங்கிலியால் கட்டுண்ட முனியாண்டியின் படங்கள்.

பிரதியைப் படித்த பெரியவர்கள் மொழியைப் பாராட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

வாசித்துக் காட்டியபோது கண்டவை

தோட்டத்துக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடக்கும். நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் நாவலாசிரியர் வாசிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து இன்னொரு பிரதியில் பென்சிலால் குறிப்பேன். பிள்ளைகள் நெளிந்தால் ஓரத்தில் ஒரு கோடு, கேள்வி கேட்டால் ஒரு சுழி, அசையாமல் இருந்தால் ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான் முறை. கருத்துப் படிவம் எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்தால் ஆண்ட்டி மனம் நோகக்கூடாது என்று எல்லாப் பிள்ளையும் 'நல்லா இருக்கு' என்றுதான் எழுதும்.

கிராணி பெயர் கூப்பிடும் அத்தியாயத்தில் ஓரம் வெள்ளையாக இருந்தது. ஒரு பையன் தன் பெயர் வருமோ என்று காதைப் பொத்திக்கொண்டான். பனிச் சிகரங்களில் கோடு கோடாக விழுந்தது. நீண்ட வாக்கியங்கள் அதற்கு ஒரு காரணம், வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வினைமுற்று வருவதற்குள் பிள்ளைக்கு யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துவிடும், வாசிக்கிற இவருக்கே மூச்சு வாங்கியது. பெரிய காரணம் வேறு. அந்த உலகத்தில் எதற்கும் விலை இல்லை. ஆபத்து வந்தால் ஒரு சக்தி வரும், இன்னும் பெரிய ஆபத்து வந்தால் இன்னும் பெரிய சக்தி வரும். "வெளக்குல கார்பைட் தீந்துட்டா என்ன ஆவும்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். பிரதியில் அதற்குப் பதில் இல்லை.

முனியாண்டி கட்டுப்பட்ட அத்தியாயம்தான் எல்லாவற்றையும் திருப்பியது. நானும் அவரும் பிள்ளைகள் அழுவார்கள், பதறுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் பதறவில்லை. ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "ஆண்ட்டி, முனியாண்டிய எப்படி கட்ட முடியும்? அவரு சாமிதானே?" என்றான். இன்னொருவன், "சும்மா கட்டுன மாதிரி இருப்பாரு, அப்புறம் எழுந்திருச்சுடுவாரு" என்று அவனுக்குச் சமாதானம் சொன்னான். அதோடு கதை முடிந்துபோனது. மீதிப் பக்கங்களை மரியாதைக்காகக் கேட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த சின்னப் பெண் மட்டும் மண்டபத்துக் கதவு வழியாகச் சந்நிதிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் பயம் இருந்தது.

கோயில் தலைவர் சொன்னது

அடுத்த வாரம் கோயில் தலைவர் நாவலாசிரியரை வரச் சொன்னார். ஒரு காலத்தில் இவருடைய அப்பாவோடு ஒரே லயத்தில் குடியிருந்தவர், இவர் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். கோபமாகப் பேசவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"பாப்பா, நீ எழுது, வேணாம்னு சொல்லல. ஆனா ராத்திரி நம்ம காவலுக்கு வர்றவர சங்கிலியில கட்டிட்ட. நாளைக்கு இந்தப் புள்ளைங்க வந்து கும்பிடறப்ப அந்தப் படம்தானே கண்ணுல நிக்கும்?"

"கதைதானே பெரியப்பா, கடைசியில அவரு ஜெயிச்சுடுவாரு."

"ஜெயிக்கிறது எனக்குத் தெரியும்மா. நீ எழுதித்தான் ஜெயிக்கணுமா?"

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்த பிரதி. நாங்கள் உடனே எதையும் முடிவு செய்யவில்லை, பென்சில் குறிகளை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பெரியவருடைய வருத்தமும் ஆறாம் ஆண்டுப் பையனுடைய கேள்வியும் ஒரே இடத்தைத்தான் தொட்டன. முனியாண்டி அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை. வீட்டில் காய்ச்சல் வந்தால் போய் நிற்கிற இடம். தோற்க முடியாத ஒருவரைத் தோற்கடித்துக் காட்டினால், நம்புகிற பிள்ளைக்குப் பதற்றம் வராது. பாதி நம்புகிற பிள்ளைக்கு வேறு மாதிரிப் பயம் வரும். இரண்டுமே கதைக்கு உதவாது. உயிரோடு இருக்கும் நம்பிக்கையை எடுத்து மாயக்கதையின் கருவியாக்கும்போது எழுத்தாளருக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது. விதிகளை அவர் வகுக்க முடியாது, அவை ஏற்கெனவே ஊரில் வகுக்கப்பட்டிருக்கின்றன. யார் கண்டித்தாலும் கண்டிக்காவிட்டாலும் இது தொழில் சார்ந்த சிக்கல்தான் என்பது என் உறுதியான கருத்து.

முனியாண்டி பாத்திரமாக வரமாட்டார் என்று முடிவானது. கோயில் கதையில் இருக்கும். ஆனால் அந்த எல்லைக்குள் விளக்கும் வேலை செய்யாது, கிராணியின் புத்தகமும் வேலை செய்யாது, மாயம் எதுவும் நடக்காது. சிறுமி களைத்தால் அங்கே வந்து உட்காரலாம், அவ்வளவுதான். கிராணியிடம் சிக்குவது தோட்டத்து ஜாகா கிழவர், இரவுக் காவல் பார்க்கும் சாதாரண மனிதர், வயதானவர், தோற்கக்கூடியவர். இந்த மாற்றத்தை யோசித்தவர் நாவலாசிரியர்தான், நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பனிச் சிகரங்களும் போயின. விளக்கை ஏற்றினால் செம்பனை நிற்கும் அதே இடத்தில், வெட்டிப்போன பழைய ரப்பர் நிரைகள் தெரியும்; இனி அதுதான் மாய உலகம்.

விதி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்பிள்ளையின் கார்பைட் கேள்விக்குப் பதில் தேடி நாவலாசிரியர் தன் அம்மாவிடம் பால்வெட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். இருட்டோடு போவது எதற்கு? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போய் மரத்தில் பட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட வேண்டும். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். இவ்வளவும் அப்படியே மாயத்தின் விதியானது. விளக்கு ஒரு இரவு எரியும், மறு இரவு ஓய்வு. அவசரத்தில் அடுத்தடுத்து ஏற்றினால் ஒரு நிரை மரம் காய்ந்துபோய் மறுபடி தெரியவே தெரியாது, அந்த நிரையில் பிடிபட்ட நிழல்களும் அதோடு போய்விடும். இப்போது ஒவ்வொரு முறை விளக்கைத் தொடும்போதும் சிறுமிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வாசிக்கிற பிள்ளைக்கும் இருக்கிறது.

நெருப்புப் பறவைக்குப் பதில் ஆந்தை வந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

மறுபடி எழுதியது

கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாகவே இருக்கும், பேச்சு மட்டும் தோட்டத்துப் பேச்சாக இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துநடை பழக வேண்டும் என்ற அக்கறை அவருக்கு அதிகம். விளக்கு ஏற்றும் இடத்தை மட்டும் இரண்டு வடிவத்திலும் தருகிறேன்.

முன்பு: "மரகதச் சிகரங்களின்மேல் தவழ்ந்த வெண்பனிப் படலத்தை ஊடுருவிக்கொண்டு, பொன்னொளி வீசியபடி, அவ்விளக்கு தன் மாயச் சுடரைத் திக்கெங்கும் பரப்பிற்று."

பின்பு: "விளக்கைப் பற்றவைத்தாள். கார்பைட் வாடை மூக்கில் ஏறியது. எதிரே நின்ற செம்பனை மெலிந்தது, உயர்ந்தது, ரப்பர் மரமாகி நின்றது. அதில் மங்கு கட்டியிருந்தது. மங்கில் பால் இருந்தது."

இரண்டாவதை மண்டபத்தில் வாசித்தபோது, "மங்குன்னா என்ன?" என்று கேட்டார்கள். பால் பிடிக்கும் கிண்ணம் என்று இவர் சொல்வதற்குள் ஒரு பிள்ளை, எங்க வீட்டுல பாட்டி அதுல செடி வச்சிருக்காங்க என்றாள். அதற்கடுத்த வாரங்களில் பிள்ளைகள் வீட்டுப் பாட்டிகளிடமிருந்து திருத்தங்கள் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது, அப்படியானால் விளக்கும் எரியக்கூடாது என்று ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். நாவலாசிரியர் அதை ஏற்றுக்கொண்டு கடைசி இரவில் மழையைக் கொண்டுவந்தார். நாவலின் சிறந்த பகுதி அதுதான்.

கோயில் தலைவரிடம் கோயில் வரும் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

அச்சும் விற்பனையும்

எழுத்தைப் பெரிதாக வைத்துப் பக்கம் அமைத்தபோது 166 பக்கம் வந்தது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆகவே 160க்குள் அடக்கினால் பத்து ஃபாரத்தோடு முடியும். ஆறு பக்கத்துக்காக இரண்டு பாட்டுகளும் ஒரு கனவுக் காட்சியும் போயின. போனதில் நட்டமில்லை. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலகம் கட்டணம் இல்லாமல் தருகிறது, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே கொடுக்க வேண்டும், இந்த ஐந்தையும் விற்பனைக் கணக்கில் முன்கூட்டியே கழித்துவிடுங்கள். 500 பிரதிகள் போட்டோம். செலவில் பெரும்பகுதி நாவலாசிரியருடைய சேமிப்பு.

ஓவியருக்குப் பயன்படாத படங்களுக்கும் முழுப் பணம் கொடுத்தோம். அவர் வரைந்து முடித்த வேலை அது, அதில் பேரம் பேச இடமே இல்லை.

பள்ளிகள் வழியாகப் போன பிரதிகளுக்குப் பணம் வர மாதக்கணக்கானது. பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்து நேரடியாக வாங்கியவை உடனே கணக்கு முடிந்தன. கோயில் திருவிழாவில் ஒரு மேசை போட்டோம், அதில்தான் அதிகம் விற்றது. பாட்டிகள் வாங்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாத சில பாட்டிகளுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டியதாகவும் கேள்விப்பட்டோம்.

புத்தகம் வந்த பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. பள்ளிகளிலிருந்து நிகழ்ச்சிக்கு அழைப்புகள் தொடர்ந்து வந்தன, ஒவ்வொன்றுக்கும் கிளினிக்கில் விடுப்பு எடுக்க வேண்டும், முந்தின இரவு தயார் செய்ய வேண்டும், அதனால் மறுநாள் அதிகாலை எழுத்து போய்விடும். சில மாதங்கள் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது பள்ளித் தவணைக்கு இரண்டு அழைப்புகள் மட்டும் ஏற்கிறார், போக்குவரத்துச் செலவைக் கேட்டு வாங்குகிறார்.

ஒரு மாற்றுக் கருத்து

ஓர் இலக்கிய நண்பர், நீங்கள் ஊருக்குப் பயந்து நல்ல காட்சியை வெட்டிவிட்டீர்கள் என்றார். நாட்டார் தெய்வங்கள் காலங்காலமாகக் கூத்திலும் பாட்டிலும் பாத்திரமாக வந்திருக்கிறார்களே என்று கேட்டார். கேள்வி சரியானது, லேசாகத் தள்ளிவிட முடியாது. கூத்திலும் உடுக்கைப் பாட்டிலும் தெய்வம் வரும்போது பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே நம்பிக்கைக்குள் இருக்கிறார்கள், அங்கே தெய்வத்தின் கதை ஊரின் கதை. இங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்து, தன் கதைக்குத் திருப்பம் வேண்டும் என்பதற்காகத் தெய்வத்தைக் கட்டிப்போட்டார். இரண்டும் ஒன்றல்ல என்பது என் பதில். கோயில் தலைவர் தடுத்திருக்காவிட்டாலும் அந்த அத்தியாயம் மண்டபத்தில் விழுந்துவிட்டது என்பதை அந்தப் பிரதியின் ஓரத்துக் கோடுகளே சொல்லும். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நூலில் மாற்றியிருப்பவை

பிள்ளைகளுக்கு வாசித்து முடியும் வரை ஓவியரிடம் எதுவும் போகாது. ஓவிய ஒப்பந்தத்தில், பயன்படாத படத்துக்கும் பணம் உண்டு என்பதும் படத்தின் உரிமை ஓவியருக்கே என்பதும் எழுத்தில் இருக்கும். மாயத்தின் விதிகளுக்கு நாவலாசிரியர் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். புதிய சக்தி எதையும் கதையில் சேர்க்குமுன் அதன் விலை அந்த நோட்டில் எழுதியிருக்க வேண்டும். கோயில், சாமி, இறந்தவர்கள் வரும் பகுதிகளை முதல் வரைவிலேயே ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது என்றும் வைத்திருக்கிறார். அனுமதி கேட்பதற்காக மட்டும் இல்லை, அவர்கள் சொல்லும் தகவலுக்காகவும்.

இரண்டாம் பாகத்தின் முதல் ஐந்து அத்தியாயங்கள் இப்போது மண்டபத்தில் வாசிப்பில் இருக்கின்றன. மூன்றாவதில் கோடுகள் அதிகமாக விழுந்திருப்பதால் அதை மட்டும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.